இருளில் ஒரு விரல்

கண்களை மூடி, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நின்று பார்ப்போம், உடல் தள்ளாடும். நேராக நிற்கக் கண் எத்துணை உதவுகிறது என்பது அப்பொழுதே விளங்கும்.

1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெக்கா, லாக்னர் என்னும் ஆய்வாளர் இருவர், இவ்வாறு நின்றவர்களை அசையாத கம்பியொன்றைச் சுட்டுவிரலால் தொடச் செய்தனர். அழுத்தம் 100 கிராம் எடையைத் தாண்டலாகாது. உடலைத் தாங்க அது போதாது. எனினும் கண் திறந்து நின்றாற்போலவே தள்ளாட்டம் குறைந்தது! உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை விரல் அறிவித்தது, அவ்வளவே.

நள்ளிரவில் எழும் பாட்டி சுவரைத் தடவிச் செல்வதைக் கண்டு பிள்ளைகள் நகைப்பதுண்டு. முதுமையில் பாதத்தின் உணர்வும் மங்குவதால், அவர் கண்ணின் வேலையை விரலிடம் ஒப்படைக்கிறார். அச்சுவரோரம் நாம் நாற்காலியையும் சைக்கிளையும் சார்த்தி வைத்தால், விரல் சுவரை விட்டு விலக நேரும்.