தலையெழுத்தா, சர்க்கார் எழுத்தா?

மடுகரை வட்டாரத்தில் இன்று யாரைக் கேட்டாலும், "சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படிப்பு இல்லை" என்கிறார்கள். அடுத்தபடியாக, "நம் பிள்ளைக்கும் படிப்பு ஏறவில்லை, அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இப்பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற நாம் சொல்லுவதாவது: முதல் பேச்சில் பாதி உண்மை, இரண்டாவது பேச்சு முழுப் பொய். இந்தப் பொய் இருக்கும் வரை அந்தக் குறை தீரவே தீராது.

தலையெழுத்து என்றால் பிரம்மா மண்டையோட்டில் எழுதியது என்கிறார்கள். அப்படியானால் கூலிக்காரன் பிள்ளைக்கு மாத்திரம் கணக்கு வராது என்று அவர் ஏன் எழுத வேண்டும்? 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டது. 1956-ல் காமராசர் ஆட்சி அதைக் கிராமங்களுக்கும் கொண்டு போயிற்று. சோறு கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள், படித்தார்கள், உத்தியோகமும் பார்த்தார்கள். சோற்றுப் பானையைக் கண்டு பிரம்மா தம் எழுத்தை அழித்துக் கொண்டாரா? அல்லது, காய்ந்திருந்தது வயிறேயன்றி மண்டையல்ல என்பது விளங்கிற்றா?

நிற்க. நம் ஊர்ப் பிள்ளைகளின் தலையில் உண்மையில் எழுதுகிறவர்கள் யார் என்று பார்ப்போம்.

புதுவை சர்க்கார் பள்ளிக்கூடங்களில் 2023-24-ஆம் வருஷத்தில் ஆறு முதல் ஒன்பது வரையிலும், பதினோராம் வகுப்பிலும் தமிழ்நாட்டுப் பாடத்தை எடுத்துவிட்டு சி.பி.எஸ்.இ. பாடத்தை வைத்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு புத்தகம் படித்த பிள்ளைக்கு ஒன்பதில் வேறு புத்தகம். 2025-ல் அதைக்கொண்டே பத்தாம் வகுப்புப் பரீட்சை. புதுப் பாடம் கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. நடுவழியில் வண்டி மாற்றி ஏற்றப்பட்ட பிள்ளை தடுமாறினால், குற்றம் பிள்ளையுடையதா, வண்டி மாற்றியவர்களுடையதா என்றுதான் கேட்கிறோம். மடுகரையை ஒட்டித் தமிழ்நாட்டு ஊர்கள் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தை மகன், இந்தப் பக்கம் மாமன் மகன். ஒருவன் புத்தகத்தை ஒருவன் வாங்கிப் படித்த வசதியும் இதனால் போயிற்று. இதை எழுதியவர் பிரம்மா அல்ல. நாற்காலியில் உட்கார்ந்த மனிதர்கள். மனிதன் எழுதியதை மனிதன் கேள்வி கேட்கலாம், திருத்தவும் செய்யலாம்.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஜனக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவை தவிர, படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேறு வேலைக்கு உபாத்தியாயரை அனுப்பக்கூடாது என்கிறது. நாம் கண்டதோ, ரிஜிஸ்டரும் புள்ளிவிவரமும் பட்டியலும் எழுதிச் சாக்கட்டியைத் தொடாமலே கழிந்த நாட்கள். ஓர் உபாத்தியாயர் மாற்றலாகிப் போனால் அந்த இடம் மாதக்கணக்கில் காலி. இது ஏன் நீடிக்கிறது? நீடிக்கச் செய்பவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்பில் இல்லை! சர்க்கார் சம்பளம் வாங்குவோர் தம் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் ஹைக்கோர்ட்டு 2015 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிற்று. அது ஏட்டோடு நின்றுவிட்டது.

உபாத்தியாயர்களாகிய நம் கூட்டத்தையும் விட்டுவிடுவதற்கில்லை. தம் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, சேரிப் பிள்ளையைப் பார்த்து "உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு?" என்று கேட்கிறவர் இன்னும் இருக்கிறார். எல்லோர் வரிப்பணத்திலும் நடக்கும் பள்ளிக்கூடத்தில் வருஷம் தவறாமல் சரஸ்வதி பூஜை நடத்தி, விஞ்ஞான அறையை வருஷம் முழுவதும் பூட்டி வைத்திருப்பவரும் இருக்கிறார். இவர்களுக்குத் தலையெழுத்து என்பது மிகவும் சௌகரியமான சங்கதி. பிள்ளை தேறினால் சரஸ்வதி கடாட்சம், தோற்றால் அவன் விதி. வாத்தியாருக்கு ஒரு பொறுப்பும் இல்லை.

பெற்றோர்களே! பரீட்சை வந்தால் பேனாவை எடுத்துக்கொண்டு திருவந்திபுரம் மலைக்கு ஓடுகிறீர்கள். கல்விக் கடவுள் என்று குதிரை முகச் சாமி முன் அதை வைத்து வாங்கி வருகிறீர்கள். கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்புக்குக் குதிரை முகம் கணக்குப் போட்டுக் கொடுக்குமா? அந்தப் பஸ் சார்ஜு மிச்சம்; பக்கத்துத் தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் நடந்து போங்கள்.

அதே சட்டம் ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நிர்வாகக் கமிட்டி வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வரக்கூடாது, கேட்க வேண்டும். எத்தனை உபாத்தியாயர் இடம்? எத்தனை காலி? எத்தனை நாள் வேறு வேலைக்குப் போனார்கள்? என் பெண் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறாளா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் மேலதிகாரிக்கு எழுதுங்கள். இது யாரும் போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை.

நெற்றியில் எழுத்து இருப்பதாக நம்பிக் கைகட்டி நின்றது போதும். காகிதத்தில் எழுதியிருக்கும் சட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்க இந்த மாதத்துக் கமிட்டிக் கூட்டத்திலேயே ஆரம்பியுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.