யார் விரும்பியது இதை?

பகலில் வருகிற டிவி பேச்சு நிகழ்ச்சிகளைக் குறை சொல்லிப் பாருங்கள். படித்தவர், படிக்காதவர், டிவியில் வேலை செய்பவர் என்று எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும்: "ஜனங்க அதைத்தான் விரும்பிப் பாக்கறாங்க, அதனால போடறாங்க." எங்கள் ஊரான முகையூரிலும் இதையேதான் கேட்கிறேன். அந்த 'ஜனங்க' நாங்கள்தான். கழனியிலிருந்து வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காரும் பெண்கள், நூறு நாள் வேலை முடித்து வந்து கால் நீட்டிச் சாயும் ஆயாக்கள். அழுகிற குடும்பத்தையும், கேள்வியே இல்லாத சினிமாப் பாட்டுப் பேட்டியையும் இவர்கள் கேட்டு வாங்கியதாகச் சொல்வது பழி. அந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன்.

எங்கள் விருப்பத்தை யார், எப்போது கேட்டார்கள்? சேனல்களிடம் இருக்கிற ஒரே சாட்சி டிஆர்பி. தனியார் சேனல்கள் பல வருஷம் நம்பியிருந்தது டாம் நிறுவனத்தின் நகரத்துக் கணக்கை. அடுத்து வந்த பார்க் அமைப்பு, கிராமத்து வீடுகளையும் சேர்த்து வாராவாரம் கணக்கு வெளியிடத் தொடங்கியதே 2015 அக்டோபரில்தான். அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியோ 2006-லேயே கிராமங்களுக்கு வரத் தொடங்கிவிட்டது. ஒன்பது வருஷம் கூரை வீட்டிலும் தொகுப்பு வீட்டிலும் டிவி ஓடியது. எங்களைச் சேர்க்காத கணக்கை வைத்துக்கொண்டு எங்கள் ரசனை இன்னதென்று தீர்மானித்தார்கள்.

சரி, இப்போது சேர்த்துவிட்டார்களே என்பீர்கள். 2020 நிலவரப்படி நாட்டில் சுமார் 21 கோடி வீடுகளில் டிவி இருந்தது, மீட்டர் இருந்தது சுமார் 44,000 வீடுகளில். மாதிரி எடுத்துக் கணக்கிடுவது தவறில்லை, அந்த வாதத்தை நான் வைக்கவில்லை. அந்த மீட்டர் சொல்வது எந்தச் சேனல் ஓடியது, அறையில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும். பார்த்தவளுக்குப் பிடித்ததா, மனசு நொந்ததா என்று கேட்கும் பொத்தான் அதில் கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு ரிமோட்டை அழுத்தினால் ஒன்றில் சீரியல், அடுத்ததில் சீரியலின் மறு ஒளிபரப்பு, அதற்கடுத்ததில் குடும்பச் சண்டை, இன்னொன்றில் புதுப்படத்துப் பாடகரின் அரட்டை. ரேஷன் கடையில் ஒரே ரக அரிசியைப் போட்டுவிட்டு இந்த ஊருக்கு இதுதான் பிடிக்கும் என்று எழுதி வைப்பதைப் போன்றது இது.

இந்தப் பொய்யின் நிழலில் இரண்டு அநியாயங்கள் நடக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

நடிகை லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்', 2011-ல் ஜீ தமிழில் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை', 2016-ல் சன் டிவியில் குஷ்பு நடத்திய 'நிஜங்கள்' என்று ஒரு வரிசை உண்டு. அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள், டிரைவர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள். புருஷன் எங்கே படுத்தான், பிள்ளை யாருக்குப் பிறந்தது என்றெல்லாம் அவர்களிடம் கேட்கப்பட்டது. விளக்குக்கும் கேமராவுக்கும் நடுவே, பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருக்க. 1984-ன் குடும்ப நீதிமன்றச் சட்டம், இரு தரப்பில் ஒருவர் கேட்டுக்கொண்டாலே வழக்கை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்கிறது. நீதிபதியின் முன்னால் ஏழைக்கு இருக்கிற அந்தத் திரை, தொகுப்பாளரின் முன்னால் இல்லாமல் போனது. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு இடைக்காலத் தடை விதிக்க வேண்டிவந்தது. அதற்குள் அந்த நிகழ்ச்சியில் அடிக்கடி கேட்ட ஒரு வாசகம் காமெடி மேடைக்குப் போய், சினிமாப் பாட்டுக்குள்ளும் போய்விட்டது. ஒருத்தியின் கண்ணீரிலிருந்து எடுத்த வேடிக்கை அது. அவள் ஊரில் அவள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமே என்று யார் நினைத்தார்கள்?

அதே டிவியில் ஒரு பாடகரோ இசையமைப்பாளரோ வந்து உட்காரட்டும். கேள்விகள் எல்லாம் மாறிவிடும். பட வெளியீட்டுக்கு முந்தின வாரம் வருவார். பிடித்த சாப்பாடு என்ன, முதல் காதல் எப்போது, எங்களுக்காக ரெண்டு வரி பாடுங்களேன். அவருடைய சொந்த வாழ்க்கையின் வாசலில் யாரும் கால் வைப்பதில்லை, அது சரிதான், யாருடைய வாசலிலும் வைக்கக் கூடாது. ஆனால் கேட்டே ஆக வேண்டியதையும் கேட்பதில்லை. இந்த மெட்டு எந்த ராகத்தின் மேல் நிற்கிறது? பறையின் அடியை எந்த ஊர்க்காரரிடம் எடுத்தீர்கள், அவருக்கு என்ன கொடுத்தீர்கள்? கோரஸ் பாடியவர்களின் பெயர் எங்கே? ஏழையிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறார்கள், கலைஞரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. இரண்டுக்கும் சேர்த்து எங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

"இதைவிட ஆழமா போனா கிராமத்துல யாரு பாப்பா?" என்பவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் பாரதம் வைக்கும்போது வந்து பார்க்கட்டும். செஞ்சிச் சீமையில் தொடங்கி விழுப்புரம், திருக்கோவிலூர், திண்டிவனம் வரை திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்காக நடக்கும் விழா அது. இரவில் கூத்து. பகலில் என்ன தெரியுமா? மதியத்தில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் உட்கார்ந்து கதை சொல்ல, பக்கத்தில் ஒருவர் பாட்டெடுத்துப் பாட, மணிக்கணக்கில் பேச்சும் பாட்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் பெண்கள், பெரும்பாலும் வயசானவர்கள். எவளும் எழுந்து போவதில்லை. பிரசங்கியார் ஒரு இடத்தை விட்டுவிட்டால் பின்னாலிருந்து குரல் வரும். டிவி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்களுக்குப் பகல் நேரப் பேச்சு நிகழ்ச்சி உண்டு, அதன் தரம் எங்களுக்குத் தெரியும்.

துகில் கூத்து நடக்கிற இரவை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்துகிற கதைதான் அதுவும். ஆனால் துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறார். வேஷத்துக்கே அவ்வளவு கூச்சம். அந்தச் சபையில் கேள்வி கேட்பவள் திரௌபதி, பதில் சொல்ல முடியாமல் தலை குனிபவர்கள் பெரியவர்கள். ஸ்டுடியோவில் இது தலைகீழ். நிஜப் பெண் நிற்கிறாள், கேள்வியெல்லாம் அவளைப் பார்த்து.

எங்கள் மரபில் எல்லாம் புனிதம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், தலித் மக்களை உள்ளே விட மறுத்த தகராறில் 2023 ஜூனில் பூட்டி சீல் வைக்கப்பட்டது. கூத்தைக் கேட்க யார் எங்கே உட்காரலாம் என்பதில் இருக்கிற அநீதி எங்கள் வெட்கம். ஆனால் ஆழமான பேச்சைக் கேட்கும் காது எங்களுக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் செஞ்சிப் பகுதிக்கு வந்து திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து 1988-ல் புத்தகம் போட்டார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா தெருக்கூத்தைப் பற்றி 1990-ல் எழுதினார். அந்த அமெரிக்கர்கள் எங்கள் கூத்துக்காரர்களிடம் கேட்ட கேள்விகளில் பாதியைக்கூட நம் சேனல்களில் நான் கேட்டதில்லை.

டிவியிலும் சினிமாவிலுமே சாட்சி வேண்டுமா? விஜய் டிவியின் சூப்பர் சிங்கரில் 2018-ல் வென்றவர் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ். 2021-ல் 'கர்ணன்' படத்துக்காகக் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாள் பாடியதும் தமிழ்நாடே நின்று கேட்டது. கொடுத்தபோதெல்லாம் ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள்.

குடும்பச் சண்டை நிகழ்ச்சிகளுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்டேஷனில் எடுக்காத புகாரை டிவியில் எடுத்தார்கள், மறைந்துகிடந்த குற்றம்கூட வெளியே வந்தது என்பார்கள். போக இடமில்லாதவள்தான் அங்கே போனாள், அது உண்மை. அப்படியானால் அவளுக்குச் சொல்ல வேண்டியது என்ன? 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. அதற்கான மாவட்ட ஆணைக்குழு விழுப்புரத்திலேயே இருக்கிறது. பெண்கள் உதவி எண்ணான 181-க்கு போன் செய்யலாம். இத்தனை வருஷம் பெண்களின் துயரத்தை வைத்து விளம்பரம் விற்ற சேனல்கள், இந்த இரண்டு தகவலைத் தினமும் இடைவேளையில் ஓடவிட்டிருந்தால் பாதிப் பேர் ஸ்டுடியோ படியேறியிருக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் இதே மாதிரியான 'ஜெரமி கைல் ஷோ' ஐடிவியின் பகல் நேரத்தில் 2005 முதல் ஓடியது. பெரிய கூட்டம் பார்த்த நிகழ்ச்சி. கலந்துகொண்ட ஒருவர் இறந்த பிறகு 2019 மே மாதம் அதை நிறுத்தினார்கள். பார்வையாளர் எண்ணிக்கை அவ்வளவு இருந்தும் நிறுத்த முடிந்தது. நிகழ்ச்சியைப் போடுவதும் எடுப்பதும் சேனல் எடுக்கிற முடிவு, ஜனங்களின் தலையெழுத்து அல்ல.

மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த சேனல் ஒளிபரப்பு வழிகாட்டு விதிகளின்படி, சேனல்கள் தினம் அரைமணி நேரம் பொதுநலன் சார்ந்த நிகழ்ச்சி தர வேண்டும். விவசாயம், பெண்கள் நலன், நலிந்த பிரிவினர் நலன், பண்பாட்டு மரபைக் காப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. யாரும் பார்க்காத நேரத்தில் அதை ஓட்டிக் கணக்குத் தீர்க்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குப் போடட்டும். ஒரு கூத்து ஜமாவை உட்கார வைத்து, வாத்தியாரிடம் பின்பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்கட்டும். முகவீணைக்காரரிடம் சீவாளி யார் செய்கிறார்கள் என்று கேட்கட்டும். மறுநாள் ஒரு பெண் வக்கீலை அழைத்து, ஜீவனாம்சம் வாங்க எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று கேட்கட்டும். ஒரு வருஷம் அப்படி ஓட்டிவிட்டு, மீட்டரோடு எங்கள் தெருவுக்கு வரட்டும்.