மலைப் பாதையில் ஓட நல்ல துணை வேண்டும்!

56 மைல் தூரம். அதாவது, சுமார் 90 கிலோமீட்டர். வழி நெடுக மேடும் பள்ளமும். அவ்வளவு தூரத்தையும் ஒரே நாளில் ஓடிக் கடக்க வேண்டும்!

இப்படி ஓர் ஓட்டப் பந்தயம் தென் ஆப்பிரிக்காவில் நடக்கிறது. அதன் பெயர் "காம்ரேட்ஸ் மாரத்தான்". காம்ரேட்ஸ் என்றால் தோழர்கள் என்று அர்த்தம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் என்ற இரண்டு நகரங்களுக்கு இடையே இந்தப் பந்தயம் நடக்கிறது. இரண்டும் தமிழர்கள் கேள்விப்பட்ட ஊர்கள்தான். 1893-ம் ஆண்டில் காந்தியடிகளை ரெயிலில் இருந்து இறக்கி விட்டார்களே, அது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரெயில் நிலையத்தில்தான். 1860-ம் ஆண்டில், கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையில் கப்பல் ஏறியவர்கள் போய் இறங்கிய துறைமுகம் டர்பன்.

இந்தப் பந்தயத்தில் கலந்து கொள்கிறவர்கள் பல மாதங்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடிப் பழகுகிறார்கள். என்ன சாப்பிடலாம், எந்த "ஷூ" வாங்கலாம் என்று ஆயிரம் யோசனை செய்கிறார்கள். ஆனால், "யாரோடு ஓடிப் பழகுவது?" என்பதைப் பலர் யோசிப்பது இல்லை.

முதலில் யோசிக்க வேண்டியது அதுதான்!

தோழர்களின் நினைவாக

முதல் உலகப் போரில் சண்டையிட்டவர் விக் கிளாப்பம். போரில் மாண்டுபோன தோழர்களின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். கல்லில் நினைவுச் சின்னம் எழுப்பினால் போதாது, தோழர்கள் பட்ட கஷ்டத்தைக் காட்டும் ஓட்டம் ஒன்று வேண்டும் என்று நினைத்தார்.

1921-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. 34 பேர் ஓடத் தொடங்கினார்கள். 16 பேர்தான் ஓடி முடித்தார்கள். முதலில் வந்த பில் ரோவன் 8 மணி 59 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

வழியில் ஐந்து பெரிய மலை மேடுகள் உண்டு. கடற்கரையில் உள்ள டர்பனில் இருந்து புறப்பட்டால், ஏறி ஏறிப் போக வேண்டும். கடைசி மேட்டின் பெயர் பாலி ஷார்ட்ஸ். உடம்பில் உள்ள பலம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அது எதிரே வந்து நிற்கும்!

எதிர்த் திசையில் ஓடும் ஆண்டுகளில் இறக்கம் அதிகம். "இறக்கம்தானே, சுலபம்!" என்று நினைக்கலாம். அதுதான் ஏமாற்றம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைச் சதை தாங்கிப் பிடிக்கிறது. இழுபட்டுக்கொண்டே பாரம் தாங்குவதால் சதையின் நார்கள் சிறிது சிறிதாகக் கிழிகின்றன. மறுநாள் படிக்கட்டில் இறங்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால்தான் சதை உறுதிப்படும்.

எவன் நல்ல துணை?

மலையில் ஓடிப் பழகுகிறவனுக்கு இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று, சோம்பல். மற்றொன்று, வீம்பு.

சோம்பலைத் துணைவன் விரட்டி விடுவான். அதிகாலை 5 மணிக்கு நண்பன் தெருமுனையில் காத்து நிற்பான் என்றால், படுக்கையில் புரள மனம் வராது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வீம்புதான் பெரிய ஆபத்து. நண்பன் முந்துகிறான் என்று இவன் ஓடுவான். இவன் முந்துகிறான் என்று அவன் ஓடுவான். இருவரும் மூச்சு வாங்க மேட்டில் ஏறுவார்கள். பழகும் ஓட்டம் பந்தயம் ஆகிவிடும். ஒரு மாதத்தில் ஒருவனுக்கு முழங்கால் வீங்கும். மற்றவனுக்குக் குதிகாலில் வலி வரும்.

ஆகவே, முன்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் நல்ல துணைவன் அல்ல. "போதும், இன்று நடப்போம்" என்று சொல்லத் தெரிந்தவனே நல்ல துணைவன்!

"தனியாக ஓடினால் என்ன? நம் வேகம் நம் கையில் இருக்குமே!" என்று சிலர் கேட்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேருடைய வேகம் ஒன்றாக இருக்காது. ஆனால், அதற்கு ஒரு வழி உண்டு. வேகமாக ஏறுகிறவன் மேட்டின் உச்சிக்குப் போய்விட்டு, திரும்பி இறங்கி வந்து, பின்னால் வருகிறவனோடு சேர்ந்து மறுபடியும் ஏறலாம். அவனுக்குக் கூடுதல் பயிற்சி. இவனுக்குத் துணை. இருவருக்கும் லாபம்!

பேச்சு ஒரு கருவி

சரியான வேகம் எது என்று அறிய விலை உயர்ந்த கடிகாரம் தேவை இல்லை. ஓடிக்கொண்டே நண்பனிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பார்த்தால் போதும். மூச்சுத் திணறாமல் பேச முடிந்தால், அந்த வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால், வேகத்தைக் குறைக்க வேண்டும். தனியாக ஓடுகிறவன் யாரிடம் பேசுவான்?

பேச்சு இன்னொரு வகையிலும் உதவும்.

"ஓடும்போது தண்ணீர் நிறையக் குடி" என்று பலர் சொல்வார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு! பல மணி நேரம் ஓடும்போது தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால், ரத்தத்தில் உள்ள உப்பின் அளவு குறையும். மூளை வீங்கும். உயிருக்கே ஆபத்து. 1981-ம் ஆண்டு காம்ரேட்ஸ் பந்தயத்தில் ஓடிய ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது. அதை வைத்து டாக்டர்கள் நடத்திய ஆராய்ச்சி உலகம் முழுவதும் பேசப்பட்டது.

இந்த ஆபத்து வரும்போது புத்தி தடுமாறும். பேச்சுக் குழறும். கடும் வெயில் தாக்கினாலும் இப்படித்தான். தடுமாறுகிறவனுக்குத் தன் நிலைமை தெரியாது. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பான். தினமும் கூட ஓடிப் பழகியவனுக்குத்தான், "இவன் பேச்சு சரி இல்லையே" என்று உடனே தெரியும்.

வலியை மறைப்பதும் தவறு. சிலர் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். நெடுந்தூர ஓட்டத்தின்போது அப்படிப்பட்ட மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும். பெற்ற தாயிடம் கூட வலியை மறைத்து விடலாம். பக்கத்தில் ஓடுகிறவனிடம் மறைக்க முடியாது. கால் வைக்கும் விதமே காட்டிக் கொடுத்து விடும்!

பெயர் மட்டும் போதாது

தோழமை என்பது பெயரில் இருந்தால் போதாது. அதற்கு இந்தப் பந்தயமே சாட்சி.

"தோழர்கள் ஓட்டம்" என்று பெயர் வைத்தவர்கள், கறுப்பு இனத்தவரையும் பெண்களையும் பல ஆண்டுகள் சேர்த்துக் கொள்ளவில்லை. 1923-ம் ஆண்டில் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்மணிக்கு அனுமதி மறுத்தார்கள். அவர் அனுமதி இல்லாமலே ஓடி முடித்தார். 1935-ம் ஆண்டில் ராபர்ட் எம்ச்சாலி என்ற கறுப்பு இனத்தவர் 9 மணி 30 நிமிடத்தில் ஓடி முடித்தார். அவர் பெயரும் கணக்கில் ஏறவில்லை. 1975-ம் ஆண்டில்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. பிற்காலத்தில் எம்ச்சாலியின் பெயரால் ஒரு பதக்கமே ஏற்பட்டது!

இந்தக் காலத்துப் பந்தயத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. அனுபவம் உள்ள ஒருவர் முன்னால் ஓடுவார். பலர் கூட்டமாக அவரைப் பின்பற்றி ஓடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு "பஸ்" என்று பெயர். முன்னால் ஓடுகிறவர் "டிரைவர்". எந்த மேட்டில் நடக்க வேண்டும், எங்கே மறுபடியும் ஓட வேண்டும் என்று டிரைவர் சொல்வார். முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாகப் பாடிக்கொண்டே மலை ஏறுகிறார்கள்.

2025-ம் ஆண்டுப் பந்தயத்தில் 12 மணி நேரம் கெடு. கெடு முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு விநாடி தாமதித்து வந்தாலும் பதக்கம் இல்லை. அப்படி இருந்தும், விழுந்தவரைத் தூக்கி விட நின்றவர்கள் உண்டு. தோழமை என்பது அதுதான்!

ஓடிப் பழக நினைக்கும் இளைஞர்களும் பெண்களும் முதலில் ஒரு துணையைத் தேடிக் கொள்ள வேண்டும். அண்ணன் தம்பியாக இருக்கலாம். கணவன் மனைவியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவர் பெரிய வீரராக இருக்க வேண்டியது இல்லை. உண்மையைச் சொல்கிறவராக இருந்தால் போதும்.

"இன்று வேண்டாம், திரும்பலாம்" என்று அவர் சொன்னால், திரும்பி விட வேண்டும். அதில் வெட்கம் இல்லை. மலை எங்கும் ஓடிப் போகாது. அடுத்த வாரமும் அங்கேயே நிற்கும். ஏறுகிறவர்களின் கால்கள்தான் பத்திரமாக இருக்க வேண்டும்!