தூங்கா நகரத்துக்கு 11 மணிக்குத் தாலாட்டு

மதுரைக்குத் 'தூங்கா நகரம்'னு பேரு வச்ச புண்ணியவான் திரும்பி வந்து, ராத்திரி 11.10க்கு மாசி வீதியில பசியோட நின்னா என்ன செய்வாரு? வச்ச பேரைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ல ஏறிருவாரு. :-)

காட்சி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பிளாட்பாரத்துல ஒரு அக்கா. பக்கத்துல கொதிக்கிற இட்லிக் கொப்பரை. நாலு தூக்குல நாலு சட்னி. சுத்தி ஸ்டூல்லயும் படிக்கட்டுலயுமா பத்துப் பேரு. தெருமுனையில ரோந்து வண்டியோட வெளிச்சம் திரும்புது. உடனே அக்கா லைட்டை அணைக்கிறாங்க. பாதி இட்லியோட இருந்தவரு இருட்டுல சட்னியைத் தேடுறாரு. வண்டி நிக்குது.

"என்னம்மா, மணி என்ன?"

"இந்தா எடுத்துட்டேன் சார்... அஞ்சு நிமிஷம் சார்..."

அவ்வளவுதான், வியாபாரம் முடிஞ்சது. கொப்பரையில வெந்துக்கிட்டிருக்கிற கடைசி ஈடு மட்டும் மிச்சம்.

'11 மணிக்கு மேல எதுக்கு இட்லி? வீட்டுல போய்ச் சாப்பிட வேண்டியதுதானே?'ன்னு ஒரு கோஷ்டி எப்பவும் கேக்கும். நல்ல கேள்வி. பதில் என்னன்னா, அந்த நேரத்துல முழிச்சிருக்கிறவங்களுக்கு வீடு பக்கத்துல இல்ல. அதுதான் பிரச்சினையே.

யாரு அவங்க? மாட்டுத்தாவணியில மல்லிப்பூ மூட்டையோட வந்து இறங்குற உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சம்சாரி. (2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு குடுத்தாச்சு. அதைச் சுமந்துக்கிட்டு வர்றவருக்கு ஒரு தோசை குடுக்க வழியில்ல.) காய்கறி மார்க்கெட்டுல லோடு இறக்குறவங்க. ஆரப்பாளையத்துல அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கிற டிரைவர், கண்டக்டர். கோயில் வீதிகளைப் பெருக்குற துப்புரவுப் பணியாளர்கள். ரெண்டாவது ஆட்டம் பாத்துட்டு வர்ற காலேஜ் பசங்களை வேணும்னா லிஸ்டுல கடைசியில போடுங்க, பரவாயில்ல.

ஆனா முதல்ல போட வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காரு. அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி வாசலுக்கு நடுராத்திரி போய்ப் பாத்தா தெரியும். ராமநாதபுரம், சிவகங்கை, தேனின்னு பக்கத்து மாவட்டத்துல இருந்தெல்லாம் நோயாளியைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. படுத்திருக்கிறவங்களுக்காவது உள்ள ஏற்பாடு உண்டு. கூட வந்தவங்களுக்கு? வார்டுக்கும் மருந்துக்கடைக்கும் ஓடி முடிச்சு 'அப்பாடா'ன்னு வெளிய வர்றப்ப மணி 12. அவங்ககிட்டப் போய் 'வீட்டுல சாப்பிடு'ன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்?

வீட்டு அடுப்புதான் தெருவுக்கு வருது

ராத்திரிக் கடைன்னதும் எண்ணெயும் கலர்ப்பொடியும் மட்டும் நினைக்கிறவங்க, மதுரைப் பிளாட்பாரத்துல ஒரு நாளும் உக்காந்து சாப்பிட்டிருக்க மாட்டாங்க. அங்க வர்றதுல முக்காவாசி வீட்டுச் சமையல். மத்தியானம் வீட்டு கிரைண்டர்ல ஆட்டின மாவு, அம்மியிலயோ மிக்ஸியிலயோ அரைச்ச சட்னி, வீட்டுச் சட்டியில கொதிச்ச குழம்பு. வாசல்ல இருந்து நூறு அடி தள்ளி வந்ததால அதுக்கு 'ஓட்டல்'னு பேரு.

பருத்திப்பாலை எடுத்துக்கங்க. பருத்தி விதையை ராத்திரி முழுக்க ஊற வச்சு, மறுநாள் ஆட்டி, துணியில வடிகட்டிப் பால் எடுக்கணும். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பத் தண்ணி விட்டுப் பிழியணும். அப்புறம் அரைச்ச பச்சரிசி மாவைக் கரைச்சு ஊத்தி, அடிப்பிடிக்காமக் கிண்டி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டு, கடைசியா தேங்காய்ப்பூ. இன்னைக்கு எத்தனை வீட்டுல இது நடக்குது? தாத்தா பாட்டி காலத்து வீட்டுப் பலகாரத்தை உயிரோட வச்சிருக்கிறது தள்ளுவண்டிகள்தான். பருத்திப்பால், ஜிகர்தண்டான்னு போஸ்டர் போட்டு டூரிஸ்டைக் கூப்பிடுற ஊர், அந்த வண்டிக்காரரைப் பாத்து 'கிளம்பு கிளம்பு'ன்னா என்ன நியாயம்?

மதுரைக்காஞ்சி காலத்துலயே

பத்துப்பாட்டுலயே நீளமான பாட்டு மாங்குடி மருதனார் பாடின மதுரைக்காஞ்சி. அதுல பகல் கடைவீதிக்கு நாளங்காடின்னும், ராத்திரிக் கடைவீதிக்கு அல்லங்காடின்னும் தனித்தனியாவே பேரு இருக்கு. ராத்திரி ஏற ஏற என்ன நடக்குதுன்னு புலவர் வரிசையா சொல்லிக்கிட்டே வர்றாரு. பெரிய கடைகளை அடைக்கிறாங்க. பெண்கள் தூங்கப் போறாங்க. ஆனா அடையும் மோதகமும் விக்கிறவங்க அந்த நேரத்துலயும் சரக்கோட உக்காந்தபடி தூங்கி வழியுறாங்க. அதுக்கப்புறம் கள்வர்கள் வர்றாங்க, அவங்களைப் பிடிக்கக் காவலர்கள் வர்றாங்க.

கவனிச்சீங்களா? பெரிய கடை மூடினதுக்கப்புறமும் சின்னக் கடை இருந்திருக்கு. காவலர் தேடினது கள்ளனை, மோதகக்காரரை இல்ல.

இப்ப 2019க்கு வாங்க. அந்த வருஷம் மே 28-ம் தேதி தமிழ்நாடு அரசு ஒரு ஆணை போட்டுச்சு. கடைகளும் நிறுவனங்களும் வருஷத்துல 365 நாளும், நாளுக்கு 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். மூணு வருஷத்துக்குன்னு போட்டது, 2022-லயும் 2025-லயும் மறுபடி நீட்டிச்சாங்க. ஆஹான்னு கைதட்டுறதுக்கு முன்னால ஒரு வரியைப் படிக்கணும்: பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடங்களுக்குத்தான் இது.

பத்துப் பேரு! இட்லிக்கார அக்கா, அவங்க வீட்டுக்காரரு, தட்டு கழுவுற தம்பி. மொத்தம் மூணு. இன்னும் ஏழு பேரை எங்க போய்த் தேடுறது? சட்னித் தூக்கையும் ஆள் கணக்குல சேத்தாக்கூடப் பத்து வராதே!

சங்க காலத்துல பெரிய கடை அடைச்சுது, சின்னக் கடை முழிச்சிருந்துச்சு. இந்தக் காலத்துல பெரிய கடை முழிச்சிருக்கலாம், சின்னக் கடை தூங்கணும். தூங்கா நகரம்ங்கிற பேரைச் சம்பாதிச்சுக் குடுத்தது எந்தக் கடையோ, அதுக்குத்தான் தாலாட்டு.

இத்தனைக்கும் அந்த ஆணையில இருக்கிற நிபந்தனைகள்ல முக்கியமானவை ஊழியர்களைக் காப்பாத்துறதுக்கு. வார லீவு குடு, வேலை நேரத்தைத் தாண்டாதே, பெண்களை ராத்திரி வேலைக்கு வச்சா அவங்க சம்மதத்தை எழுதி வாங்குங்கிற மாதிரி. நியாயமான விஷயம். ஆனா தனக்குத் தானே முதலாளி, தானே தொழிலாளின்னு இருக்கிற அக்காவை யார்கிட்ட இருந்து காப்பாத்தப் போறாங்க?

ஒரு சின்னக் கணக்கு

பி.காம். படிக்கிற யாருக்கும் பிரேக் ஈவன் பாயிண்ட்னா தெரியும். ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கலாம். 300 இட்லிக்கு மாவு. இட்லி 8 ரூபாய். அரிசி, உளுந்து, சட்னி, சாம்பார், கேஸ், ஆள் கூலி எல்லாம் சேத்து 1,800 ரூபாய் செலவு. இதுல பெரும்பகுதி முதல் இட்லி விக்கிறதுக்கு முன்னாலயே செஞ்சு முடிச்ச செலவு.

11 மணி வரைக்கும் 200 இட்லி வித்தா வரவு 1,600. நஷ்டம் 200.

1 மணி வரைக்கும் இருந்து மிச்சம் 100 இட்லியும் வித்தா வரவு 2,400. லாபம் 600.

225-வது இட்லியில்தான் முதல் வருது. அந்த 225-வது இட்லி 11 மணிக்கு மேலதான் விக்குதுன்னா, அந்த ரெண்டு மணி நேரம்தான் மொத்தத் தொழிலும். மாவை அடுத்த நாளுக்கு வைக்கலாம்னா அது புளிச்சுப் போகும். தேங்காய்ச் சட்னி விடியறதுக்குள்ள ஊசிப் போகும். மிச்சமாகாம நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: காலையில வந்து நிக்கிற தண்டல்காரரு.

தண்டல்காரர்கிட்டப் போகக் கூடாதுன்னுதான் 2020-ல மத்திய அரசு பி.எம். ஸ்வநிதி திட்டம் கொண்டு வந்துச்சு. தெரு வியாபாரிக்கு அடமானம் இல்லாம முதல் கடன் 10,000 ரூபாய்னு ஆரம்பிச்சுது. நல்ல திட்டம். ஆனா ஒரு கை கடன் குடுக்குது, இன்னொரு கை அடுப்பை அணைக்குது. தவணை கட்டுறதுக்கான காசு எந்தக் கொப்பரையில இருந்து வரும்?

வழக்கமான ஆட்சேபணைகள்

1. 'ராத்திரிக் கடை இருந்தா குடிகாரங்க கூடுவாங்க.' குடிக்க வச்சது இட்லிக் கடையா? டாஸ்மாக் ராத்திரி 10 வரைக்கும் சரக்கு விக்குது. அங்க இருந்து வர்றவருக்காக ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவரு ஏன் பட்டினி கிடக்கணும்? இன்னொண்ணு, நாலு பேரு உக்காந்து சாப்பிடுற வெளிச்சமான தெருவுல தப்பு நடக்குமா, ஷட்டர் இறங்கின இருட்டுத் தெருவுல நடக்குமா? தெருவைப் பாக்குற கண்கள்தான் தெருவுக்குக் காவல்னு அமெரிக்காவுல ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லயே புத்தகம் எழுதிட்டாங்க. மதுரையில ராத்திரி வேலை முடிச்சுட்டு வர்ற எந்தப் பொண்ணைக் கேட்டாலும் புத்தகம் படிக்காமலேயே இதைச் சொல்லும்.

2. 'சுத்தம் இருக்காது.' அப்ப சோதனை பண்ணுங்க. 2006-ல வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல சின்ன வியாபாரியும் பதிவு செய்ய வழி இருக்கு. 10.50க்குச் சுத்தமா இருந்த இட்லி 11.05க்கு அழுக்காயிருமா?

3. 'போக்குவரத்துக்கு இடைஞ்சல்.' ராத்திரி 12 மணிக்கு? சாயங்காலம் 6 மணிக்கு விளக்குத்தூண் பக்கம் போயிட்டு வந்து பேசுங்க.

4. 'குடியிருக்கிறவங்க தூங்க வேண்டாமா?' இது மட்டும் நியாயமான ஆட்சேபணை. கொத்துப் பரோட்டாச் சத்தம் கேக்க இனிமைதான், ஆனா ஜன்னலுக்குக் கீழ ஒரு மணிக்குக் கேட்டா இல்ல. அதனாலதான் எல்லாத் தெருவுலயும் கேக்கலை. பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன், ஆஸ்பத்திரி, மார்க்கெட், கோயிலைச் சுத்தி வீடு குறைஞ்ச கடைவீதிகள். இவ்வளவு போதும்.

மத்த ஊர்ல எப்படி?

இந்தூர்ல சராஃபா பஜார்னு ஒரு தெரு. பகல்ல தங்கநகைக் கடைவீதி. நகைக்கடை அடைச்சதும் அதே வாசல்ல அடுப்பு ஏறும், நள்ளிரவு தாண்டியும் கூட்டம் குறையாது. அகமதாபாத் மாணிக் சௌக்லயும் இதே கதை. சிங்கப்பூர்ல லாவ் பா சாட் பக்கத்துல சாயங்காலமானா ஒரு ரோட்டையே வண்டிக்கு மூடிட்டுச் சாட்டே அடுப்பு போடுறாங்க. அந்த ஊர் ஹாக்கர் கலாசாரத்தை 2020-ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்தாச்சு.

மதுரையில தெற்கு ஆவணி மூல வீதியும் நகைக்கடை வீதிதான். ராத்திரி காலியாத்தான் கிடக்கு. மேல யோசிக்கிறது பெரிய மூளை தேவைப்படுற வேலை இல்ல.

சட்டமும் இருக்கு. 2014-ல வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்கணும், அதுல பத்துல நாலு பேரு வியாபாரிகளாவே இருக்கணும். ஒரே இடத்தை நேரம் பிரிச்சுப் பயன்படுத்தவும் அந்தச் சட்டம் வழி சொல்லுது. சான்றிதழ் வச்சிருக்கிற வியாபாரி அதுல உள்ள நிபந்தனைப்படி கடை போட்டா போலீஸ் தடுக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். செய்ய வேண்டியது மூணே மூணு:

பத்துப் பேருங்கிற வரம்பைச் சாப்பாட்டுக் கடைகளுக்காவது எடுக்கணும்.

ராத்திரிச் சாப்பாட்டுத் தெருக்கள் எது எதுன்னு மாநகராட்சி அறிவிச்சு, தண்ணி, குப்பைத்தொட்டி, விளக்கு வச்சுக் குடுக்கணும். சான்றிதழ்லயே ராத்திரி நேரத்தையும் எழுதணும்.

கடையை மூடச் சொன்னா எந்த உத்தரவுப்படின்னு எழுதிக் குடுக்கணும். 'எடு எடு'ன்னு மைக்ல கத்துறது உத்தரவு ஆகாது.

இதெல்லாம் முடியாதுன்னா அதுவும் சரி. ஆனா அதுக்கப்புறம் டூரிஸ்ட் போர்டுலயும் விழா மேடையிலயும் 'தூங்கா நகரம் வரவேற்கிறது'ன்னு போடக் கூடாது. '11 மணிக்குள்ள சாப்பிட்டுட்டு வரவும்'னு போடட்டும்.

டிஸ்கி: ரோந்து போற காவலர்களுக்கும் ராத்திரி பசிக்கும். அவங்களும் முழிச்சிருக்கிற மதுரைக்காரங்கதான். இது அவங்க மேல கோபம் இல்ல, அவங்க கையில குடுத்திருக்கிற கடிகாரத்து மேல.