யாருடைய ஒப்பந்தம்?

ஒப்பந்தம் புனிதமானது என்கிறார்கள். இருக்கட்டும். யாருடைய ஒப்பந்தம் என்று கேட்டால்தான் பிரகஸ்பதிகளுக்குக் கோபம் வருகிறது.

2008 செப்டம்பர் 15-ந் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டுக் கம்பெனி திவாலாயிற்று. மறுநாளே ஏ.ஐ.ஜி. என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் காப்பாற்ற 8,500 கோடி டாலர் கடன் புறப்பட்டது. சர்க்கார் வியாபாரத்தில் தலையிடலாகாது என்று அதுவரை ஓதி வந்தவர்கள் ஒரே ராத்திரியில் வேதத்தை மாற்றிக்கொண்டார்கள். அடுத்து, நிதி மந்திரி ஹென்றி பால்சன் 70,000 கோடி டாலர் கேட்டு ஒரு மசோதாவை நீட்டினார். முன்பு கோல்ட்மன் சாக்ஸின் தலைவராயிருந்தவர் அவர். மசோதா மூன்றே பக்கம். மந்திரியின் முடிவை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாதென்று அதில் ஒரு ஷரத்து. ஏழை ஒருவன் வீட்டுக்குக் கடன் கேட்டுப் போனால் மூன்று பக்கத்திலா முடிகிறது? திருத்தி வளர்த்த மசோதாவைக்கூட செப்டம்பர் 29-ல் பிரதிநிதிகள் சபை 228-க்கு 205 என்று தோற்கடித்தது. என் சந்தோஷம் நாலு நாள்தான். அக்டோபர் 3-ல் சட்டமாகிவிட்டது.

"பாங்குகள் விழுந்தால் ஏழையின் கூலியும் சேமிப்பும் விழாதா?" என்று என்னை மடக்குகிறார் ஒரு நண்பர். விழும். பாங்கைக் காப்பாற்ற வேண்டாமென்று நான் சொல்லவில்லை, ஐயா. பாங்கு வேறு, பாங்குக்காரன் வேறு. 1992-ல் ஸ்வீடனில் கோட்டா பாங்கு கவிழ்ந்தபோது சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. பங்குதாரர்கள் போட்ட பணத்தை இழந்தார்கள். அமெரிக்காவிலோ முதலில் ஒன்பது பெரிய பாங்குகளுக்கு 12,500 கோடி டாலர் ஒதுக்கி, அதற்கு ஈடாக ஓட்டுரிமையில்லாத பங்கை வாங்கிக்கொண்டார்கள்! பணம் ஜனங்களுடையது, வாய் மட்டும் கிடையாது.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஏ.ஐ.ஜி.யில் 79.9 சதவீதம் சர்க்கார் கைக்கு வந்த பிறகு, 2009 மார்ச்சில், கம்பெனியை மூழ்கடித்த அதே இலாகாவுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் போயிற்று. தேசமே காறித் துப்பியது. ஜனாதிபதி ஒபாமாவின் ஆலோசகர் லாரன்ஸ் சம்மர்ஸோ, ஒப்பந்தங்களைச் சர்க்கார் இஷ்டப்படி ரத்து செய்ய முடியாதென்றார். சரி. மூன்று மாதம் முன்னால், ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் அதே நிதியிலிருந்து கடன் கொடுத்தபோது என்ன நிபந்தனை? தொழிலாளிகள் தங்கள் சம்பள ஒப்பந்தத்தைத் திருத்திக் குறைத்துக்கொள்ள வேண்டும்! அதுவும் சங்கம் கையெழுத்திட்ட காகிதந்தானே? அந்த மையில் புனிதம் கலக்கவில்லை போலிருக்கிறது.

பாங்குகள் வட்டியோடு திருப்பிவிட்டனவே என்கிறார் நண்பர். திருப்பின. எவனும் கடன் தராத நேரத்தில் ஐந்து சதவீதத்துக்குப் பணம் கிடைத்தால் யார்தான் திருப்ப மாட்டார்கள்? தவணை கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்தவனுக்கு அப்படிக் கை கொடுத்தது யார்?

அவனுக்கும் ஒரு வழி கேட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தில், உல்லாசத்துக்கென்று வாங்கிய இரண்டாவது வீட்டின் கடனை நீதிபதி குறைக்கலாம். குடியிருக்கும் வீட்டின் கடனைக் குறைக்க அதிகாரமில்லை. அந்த அதிகாரத்தையும் கொடுங்கள் என்ற யோசனை 2009 ஏப்ரல் 30-ல் செனட் சபைக்கு வந்தது. ஆதரவு 45, எதிர்ப்பு 51. கடன் பத்திரம் என்றால் பத்திரம்தானாம்.