இத்துப்போன உத்திரமும் இடிக்கத் துடிக்கிற கைகளும்

மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுத்தி மிச்சமிருக்கிற பழைய வீடுகளைப் பத்தி யார்கிட்ட பேசினாலும் ஒரே டயலாக்தான். "மேல ஒழுகுது சார், உத்திரம் இத்துப்போச்சு, இனிமே தேறாது. பில்டர்கிட்ட குடுத்தா ஆளுக்கொரு ஃப்ளாட்டு."

ஒழுகுறது நிஜம். உத்திரம் இத்துப்போனதும் நிஜம். ஆனா அந்த 'தேறாது' இருக்கே, அதை மட்டும் அப்படியே நம்பாதீங்க மக்களே.

இந்த வீடுகள்ல இருக்கிறது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதுக்கு மேல வரிசையா கட்டைகள், அதுமேல சின்னச் சின்ன செங்கல்லை சுண்ணாம்புச் சாந்துல நிக்கவச்சு அடுக்கியிருப்பாங்க. அதுக்கும் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணி தெளிச்சு, நாள்கணக்கா கட்டையால அடிச்சு இறுக்கி, கடைசியா தட்டு ஓடு. கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. அப்படியும் நூறு வருஷம் தாண்டி நிக்குது.

அப்புறம் ஏன் ஒழுகுது? சுண்ணாம்பு மூச்சு விடும். ஐப்பசி கார்த்திகையில குடிச்ச ஈரத்தை தை மாசி வெயில்ல வெளிய விட்டுடும். நம்மாளுங்க என்ன பண்றாங்க? ஒழுகினதும் மேல சிமெண்டைப் பூசறாங்க. ரெண்டு வருஷத்துல அது வெடிக்குது. வெடிப்பு மேல தார் ஷீட்டு, தார் ஷீட்டு மேல வெள்ளை பெயிண்ட்டு. வெடிப்பு வழியா தண்ணி உள்ள போயிடும், வெளிய வர மட்டும் வழி கிடையாது. அந்த ஈரமெல்லாம் எங்க போகும்? மரத்துக்குத்தான். மரத்துல ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதுலயும் சுவத்துக்குள்ள புதைஞ்சிருக்கிற உத்திரத்தோட முனைதான் முதல்ல போகும். கண்ணுக்கே தெரியாது.

வெளிநாட்டுல பழைய மோட்டார் ஹோம் வச்சிருக்கறவங்க புலம்பறதும் இதே கதைதான். கூரையில ஜாயிண்ட் விட்டுப்போகும், அதுமேல சீலண்ட்டைப் பிதுக்குவாங்க, உள்ள மரச்சட்டம் கேக் மாதிரி ஆகியிருக்கும். சக்கரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, தண்ணிக்கு எல்லா வீடும் ஒண்ணுதான் :-)

சரி, என்னதான் பண்றது? கறை தெரியற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நினைக்காதீங்க. தண்ணி கட்டை வழியா ஓடி வேற எங்கயோ சொட்டும். கைப்பிடிச்சுவர் ஓரம், மழைத்தண்ணி போற குழாய் வாய், காக்கா புண்ணியத்துல முளைச்ச அரசங்கன்னு... இங்கெல்லாம் முதல்ல பாருங்க. கீழ வந்து உத்திரத்தோட முனையை ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாருங்க. சுலபமா உள்ள இறங்கினா அங்க மரம் போச்சு. முதல்ல முட்டு குடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்துட்டு நல்ல தேக்கை ஒட்டுப்போடலாம். இல்லன்னா ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வச்சு போல்ட் போடலாம். முனையைச் சுத்தி சிமெண்டால அடைக்காம கொஞ்சம் காத்துக்கு இடம் விடணும். மேல திரும்ப சுண்ணாம்புதான். எல்லாத்தையும் ஒரு இஞ்சினியர் பார்வையில செய்யணும்.

நடக்கிற காரியமான்னு கேட்டா, சேப்பாக்கம் கலச மஹாலைப் பாருங்க. 2012 ஜனவரியில தீப்பிடிச்சு கூரையே போச்சு. 'தேறாது'ன்னு சொல்ல அதைவிட நல்ல காரணம் வேணுமா? ஆனாலும் பொதுப்பணித்துறை சுண்ணாம்பு வச்சே அதை மீட்டெடுத்துச்சு.

அரசாங்கக் கட்டடத்துக்குப் பணம் இருக்கு, நமக்கு? நியாயமான கேள்விதான். பல வீடுகள்ல நாலு வாரிசு, அதுல ரெண்டு பேர் அமெரிக்காவுல. ஓட்டைக்கு யார் காசு போடறதுங்கற சண்டையிலயே பத்து மழைக்காலம் ஓடிடும். அதுக்குள்ள ஒரு கட்டையில ஆரம்பிச்சது உத்திரம் வரைக்கும் பரவிடும். வீட்டை சாய்க்கிறது மழை இல்லீங்க, இந்த ஒத்திப்போடறதுதான்.

எல்லா உத்திரமும் போய் சுவரும் பிளந்த வீட்டுல சென்டிமென்ட் பேசி ஆளை உட்கார வைக்கக் கூடாது. அதை இடிக்கத்தான் வேணும். ஆனா ரெண்டு உத்திரம் போனதுக்காக மொத்த வீட்டையும் இடிக்கிறது, சொத்தைப் பல்லுக்குத் தலையை எடுக்கிற வைத்தியம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல வரும். சித்திரை வெயில்லயே மாடி ஏறிப் பாத்துடுங்க. அப்படியே, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. வீடுகளை விட வேகமா காணாமப் போயிட்டிருக்கறது அவங்கதான்.