மோதலுக்குப் பின் முளைக்கும் கோளாறுகள்

மோதலில் அடிபட்டுப் பழுதுபார்க்கப்பட்ட மோட்டார் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ, அதுவரை இல்லாத ஒரு சத்தமோ நடுக்கமோ எச்சரிக்கை விளக்கோ தோன்றி, உரிமையாளர் மறுபடியும் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றால், அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், அது வேறே, இது வேறே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி.” இன்ஷூரன்ஸ் சர்வேயரும் இதையே சற்று மரியாதையான பாஷையில் சொல்லிவிடுகிறார். யந்திர சாஸ்திரம் அறியாத உரிமையாளரோ அதை நம்பித் தம் கைப்பணத்தைச் செலவழிக்கிறார். மோதலுக்குப் பின் தோன்றிய எந்தக் கோளாற்றையும் முதலில் அந்த மோதலோடும் பழுதுபார்ப்போடும் சேர்த்தே பரீட்சிக்க வேண்டும் என்பதும், சம்பந்தமில்லை என்ற சொல் பரீட்சையின் முடிவில் வர வேண்டுமேயன்றி அதற்கு முன்பே வரலாகாது என்பதும் என் கட்சி.

அவர்கள் முதலில் எடுத்து வைப்பது இடத்தைப் பற்றிய வாதம்: அடி பட்டது முன் பம்பரில், அதிர்வு வருவதோ கியரில்; இரண்டுக்கும் என்ன உறவு என்கிறார்கள். மோதலின் விசை பம்பரோடு நின்றுவிடுவதில்லை. பம்பருக்குப் பின்னுள்ள இரும்புச் சட்டத்தின் வழியே அது அடிச்சட்டத்துக்கும், அங்கிருந்து சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேமுக்கும் பரவுகிறது. அதே கணத்தில் எஞ்சினும் கியர் பெட்டியும் தம் பாரத்தின் வேகத்தால் முன்னோக்கித் தள்ளப்பட, அவற்றைத் தாங்கி நிற்கும் ரப்பர் மவுண்டிங்குகள் கிழிபடுகின்றன. வெளியில் பார்ப்பதற்கு ஒரு பம்பரும் ஒரு விளக்கும் மட்டுமே உடைந்த வண்டியில், கியர் போடும்போதெல்லாம் ஓர் உதறல் எழுவது இதனால்தான். சர்வேயர் எழுதிய பட்டியல் வண்டியைப் பிரிப்பதற்கு முன் கண்ணுக்குத் தெரிந்தவற்றின் பட்டியலே. பிரித்த பிறகு தெரிபவற்றுக்குத் துணை மதிப்பீடு போடுவது தொழிலின் வழக்கம். அப்படியிருக்க, அந்தப் பட்டியலின் கடைசி வரிதான் சேதத்தின் எல்லை என்று வாதிப்பது நியாயமாகாது.

அடுத்தது காலத்தைப் பற்றிய வாதம். “டெலிவரி எடுத்த அன்றைக்கு நன்றாகத்தானே ஓடிற்று?” என்று கேட்கிறார்கள், கேட்பவர் மனத்தில் எளிதாகத் தைக்கக்கூடிய வாதம் இது. ஆனால் தாமதமாகத் தலைகாட்டுவதே பல சேதங்களின் சுபாவம். சக்கரத்தில் பக்கவாட்டாக அடி விழுந்தால், பேரிங்கின் உள்ளே உருளும் குண்டுகள் தம் பாதையில் மிகச் சிறிய பள்ளங்களைப் பதித்துவிடுகின்றன. அன்றைக்கு அது சத்தம் போடுவதில்லை. ஓட ஓடப் பள்ளத்தின் விளிம்பு பெயர்ந்து, பல நூறு கிலோமீட்டர் கழித்தே ரீங்காரமாகக் கிளம்புகிறது. பின்புறம் இடிபட்டு டிக்கியின் அடித்தகட்டைப் புதிதாக வெல்டிங் செய்தவர்கள் இணைப்பின்மீது சீலர் பூச மறந்திருந்தால், கோடை முழுவதும் ஒரு குறையும் இராது. ஐப்பசி மழையில்தான் கம்பளத்தின் அடியில் நீர் தேங்கி, அங்கே ஓடும் வயரிங்கின் கப்ளர்கள் பச்சை பூக்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகாருக்கு, அதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது; ஒர்க்‌ஷாப்போ இரண்டு மாதத்தையே விடுதலைப் பத்திரமாகக் காட்டுகிறது.

இனி, இக்காலத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்றுவிட்ட வாதத்துக்கு வருவோம்: “ஸ்கேனர் போட்டுப் பார்த்தாயிற்று; ஒரு கோடும் (பிழைக் குறியீடும்) இல்லை.” இதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும், ஏனெனில் உபகரணத்தின் மேலுள்ள பக்தியால் விசாரணையே நின்றுபோவது இங்கேதான். ஸ்கேனர் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை; வண்டியின் கணினி ஏற்கெனவே குறித்து வைத்ததைப் படித்துச் சொல்கிறது; அந்தக் கணினிக்கோ சென்சார் எதை அளக்கிறதோ அது மட்டுமே தெரியும். வளைந்த லோயர் ஆர்முக்குச் சென்சார் கிடையாது. கிழிந்த மவுண்டிங்குக்கும் கிடையாது. அன்றியும், வெல்டிங் வேலைக்காக பேட்டரியைக் கழற்றுவது முறையாதலால், பல வண்டிகளில் அதனோடேயே பழைய குறிப்புகள் அழிந்துபோகின்றன. மறுபடி வண்டி சிறிது தூரம், பலவித வேகங்களில் ஓடிய பின்னரே கணினி தன் சுயபரிசோதனைகளை முடிக்கிறது. ஆகவே, டெலிவரி நாளன்று கோடு இல்லை என்பதற்கு, கணினி இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்ற பொருளும் உண்டு.

கோடு வருகிறபோதும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் கணினிகளுக்கிடையே பேச்சு அறுபட்டதைக் குறிப்பவை. அவற்றைப் பார்த்தவுடன் விலையுயர்ந்த கணினியை மாற்றச் சொல்பவர்கள், பெரும்பாலும் அதற்குக் காரணமான ஒரு சாதாரண எர்த் போல்ட்டைப் பார்ப்பதில்லை. டிங்கரிங் முடிந்து பட்டி பார்த்து வர்ணம் அடித்த தகட்டின்மீதே எர்த் வயரை முறுக்கிவிட்டால், இரும்புக்கும் வயருக்கும் நடுவே வர்ணம் தடையாக நிற்கிறது. விளக்குகள் மங்குகின்றன, ஏபிஎஸ் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. இதைக் கண்டுபிடிக்க மல்ட்டிமீட்டர் ஒன்றே போதும். முகப்பு விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை அந்த எர்த் வயரின் முனையிலும் வைத்தால், முள் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால், போல்ட்டைக் கழற்றி அடியிலுள்ள வர்ணத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்குவதுதான் வைத்தியம்.

வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்ற புகாரில் அலைன்மென்ட் தாளைக் காட்டி வாயடைப்பதும் உண்டு. தாளில் பச்சை நிறமாகத் தெரிவது பெரும்பாலும் டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. அதை டை ராடைத் திருகியே யாரும் சரிசெய்துவிடலாம். கேஸ்டர் அளவோ, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வோ, நம் சாலையில் ஓடும் பெரும்பாலான சிறு கார்களில் திருத்த முடியாத ஒன்று. ஆகையினாலேயே அது உண்மையைச் சொல்லும். இடப்பக்கம் மூன்றரை டிகிரியும் வலப்பக்கம் இரண்டு டிகிரியும் இருந்தால், வண்டி குறைந்த பக்கமாகிய வலப்பக்கமே இழுக்கும்; அந்த வித்தியாசம் தேய்மானத்தால் வருவது அரிது, ஏதோ ஒன்று வளைந்திருப்பதாலேயே வரும். டோவை மட்டும் திருகி ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திக் கொடுப்பது, வளைவை மறைத்ததேயன்றிப் பழுதுபார்த்தது ஆகாது.

வண்டி பழையது, எப்படியும் வரவேண்டிய கோளாறுதான் என்ற கடைசி வாதத்துக்கு அதிக விடை தேவையில்லை. வயதின் தேய்மானம் இருபுறமும் ஏறக்குறைய ஒத்தே நடக்கும். அடிபட்ட பக்கத்தில் மட்டும் தோன்றியதற்கு வயதைக் காரணம் காட்டுபவர்தாம் அதை நிரூபிக்கவும் வேண்டும்.

இவ்வளவு சொன்னதால், பின்னால் வந்ததெல்லாம் மோதலால் வந்ததே என்று நான் சாதிப்பதாக யாரும் கொள்ளலாகாது; உரிமையாளர்களிலும் அப்படிப் பிடிவாதம் செய்பவர்கள் உண்டு. ஒருபக்கம் இழுக்கும் வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது, மோதலுடையது அன்று. பிரித்துச் சொல்லும் சக்தி பரீட்சைக்கு இருக்கிறது. அதைச் செய்ய மனம் வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்தப் பரீட்சைக்கு ஆதாரம் வேண்டுமானால் உரிமையாளரும் சிலவற்றைச் செய்தாக வேண்டும். வேலை தொடங்குமுன் எடுத்த ஸ்கேனர் அறிக்கையையும் முடிந்தபின் எடுத்ததையும், எல்லா அளவுகளும் அடங்கிய அலைன்மென்ட் தாளையும் கேட்டு வாங்க வேண்டும். சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால், விளக்கைக் கழற்றி வைத்துக் குறையை மறைத்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்க இடமுண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் திருப்திச் சான்றில் கையெழுத்துப் போடக் கூடாது. அவசரப்படுத்தினால், இன்னின்னவை சோதிக்கப்படவில்லை என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதி, ஒரு பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும்.